காலத்தின் மகளைப் படைத்தவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

ஒரு மனிதர் எப்படிப்பட்டவர் என்பதை அவரோடு பழகியவர்கள் சொல்வது குறைவு. பழகாதவர்கள் சொல்வதே அதிகம். ஊர் வாயில் ஒருமுறை விழுந்த பெயர் மூன்று தலைமுறைக்கும் நிற்கும். இதை நான் ஏட்டில் படித்து எழுதவில்லை. எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக்குப் 'பதினோரு மூட்டை வீடு' என்று பெயர். என் தாத்தா நெல் அரவை ஆலை ஒன்றில் இரவுக் காவலராக இருந்தவர். அவர் காவல் இருந்த நாளில் பதினோரு நெல் மூட்டைகள் காணாமற் போயினவாம். வழக்கு ஏதும் நடக்கவில்லை. தாத்தா வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். பெயர் மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் கல்லூரிக்குப் புறப்பட்ட முதல் நாளன்றும் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னை மற்றொருவருக்கு அடையாளம் காட்டினார்.

சென்ற ஆண்டு ஆங்கிலத் துறைப் பேராசிரியை அவர்கள் என் ஆங்கிலம் தேற வேண்டும் என்ற அக்கறையோடு ஒரு பழைய துப்பறியும் நாவலைப் படிக்கச் சொன்னார்கள். நூல் நம் கல்லூரி நூலகத்தின் கடைசி அலமாரியில் இருந்தது. பழுப்பேறிய தாள்; பக்கத்துக்குப் பத்துச் சொற்களுக்கு அகராதி வேண்டியிருந்தது. ஆயினும் முடித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த நூலின் பெயர் 'காலத்தின் மகள்'. உண்மை என்பது காலம் பெற்றெடுக்கும் மகள் என்று மேலை நாட்டில் வழங்கும் பழைய வாக்கிலிருந்து எடுத்த தலைப்பு அது. 1951இல் அதை எழுதியவர் ஜோசபின் டே. அவருடைய வாழ்வையும், அவர் நூல் வாசகரிடையே எழுப்பிய அலையையும் இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

பழக்கடைக்காரர் மகள்

ஜோசபின் டே என்பது அம்மையாரின் இயற்பெயரன்று. எலிசபெத் மக்கின்டாஷ் என்பதே பெற்றோர் இட்ட பெயர். ஸ்காட்லாந்தின் வடபகுதியில் உள்ள இன்வர்னஸ் நகரில் 1896 ஜூலை 25 அன்று பிறந்தார். தந்தை பழக்கடை வைத்திருந்தார். மூன்று பெண் மக்களில் இவரே மூத்தவர். உள்ளூர்ப் பள்ளியில் படித்த பின், 1914இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் இருந்த ஆன்ஸ்டி உடற்பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். முதல் உலகப் போர் தொடங்கிய ஆண்டு அது. பயிற்சி முடித்துப் பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியையாகப் பணியாற்றினார். நம் ஊர் வழக்கில் சொன்னால் டிரில் டீச்சர். உலகப் புகழ் பெற்ற ஓர் எழுத்தாளர் விசில் ஊதிப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

1923இல் தாயார் காலமானார். வீட்டைக் கவனிக்க ஒருவர் வேண்டும். மூத்த மகள் வேலையை விட்டு ஊர் திரும்பினார். அதன்பின் 1950இல் தந்தை மறையும் வரை, ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள், அவ்வீட்டின் பொறுப்பு இவர் கையில் இருந்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை. வீட்டுப் பொறுப்புக்காக வேலையையும் படிப்பையும் விட்ட பெண்களை நாம் நம் வீடுகளிலேயே பார்க்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் அத்தோடு அடங்கிப் போகிறார்கள். இவரோ அந்த வீட்டிலிருந்தபடியே எழுதத் தொடங்கினார்.

இரு பெயர், இரு வாழ்க்கை

முதலில் அவர் வைத்துக்கொண்டது ஓர் ஆணின் பெயர்: கார்டன் டேவியட். டேவியட் என்பது இன்வர்னசுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர். 1929இல் 'வரிசையில் நின்ற மனிதன்' என்ற துப்பறியும் நாவல் இப்பெயரில் வெளிவந்தது. ஆலன் கிராண்ட் என்னும் ஸ்காட்லாந்து யார்டு துப்பறிவாளர் அதில்தான் முதன்முதலாகத் தோன்றினார்.

அடுத்து நாடகம். இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்ட் மன்னனைப் பற்றி அவர் எழுதிய 'போர்டோவின் ரிச்சர்ட்' 1933இல் லண்டன் நியூ தியேட்டரில் ஓராண்டுக்கும் மேல் ஓடியது. இயக்கித் தலைமை வேடம் ஏற்றவர் ஜான் கில்குட். அந்த நாடகத்தால் அவர் பெரும் நட்சத்திரமானார். லண்டன் நகரம் கார்டன் டேவியட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாளில், அந்த டேவியட் இன்வர்னசில் தந்தைக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்!

ஜோசபின் டே என்ற பெயர் 1936இல்தான் வந்தது. ஜோசபின் என்பது தாயாரின் பெயர். டே என்பது முன்னோர் ஒருவரின் குடும்பப் பெயர். அவ்வாண்டு இப்பெயரில் வந்த 'மெழுகுவர்த்திகளுக்கு ஒரு ஷில்லிங்' என்ற நாவலைத் தழுவி ஆல்பிரட் ஹிட்ச்காக் 1937இல் ஒரு திரைப்படம் எடுத்தார். இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த பின் இந்தப் பெயரே மேலோங்கியது. 1946இல் தாம் படித்தது போன்ற உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றைக் களமாகக்கொண்டு 'மிஸ் பிம் தீர்க்கிறார்' எழுதினார். 1948இல் 'பிராஞ்சைஸ் விவகாரம்', 1949இல் 'பிராட் பாரர்', 1950இல் மற்றொன்று, 1951இல் 'காலத்தின் மகள்' என ஐந்தாறு ஆண்டுகளில் அவருடைய சிறந்த படைப்புகள் வந்துவிட்டன.

இவற்றுள் 'பிராஞ்சைஸ் விவகாரம்' பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தனித்த வீட்டில் வாழும் ஒரு தாயும் மகளும் தன்னை அடைத்துவைத்து அடித்தார்கள் என்று ஓர் இளம்பெண் குற்றஞ்சாட்டுகிறாள். பத்திரிகை அதை ஊதிப் பெரிதாக்குகிறது. ஊரார் அந்த வீட்டின் மேல் பாய்கிறார்கள். இங்கிலாந்தில் 1753இல் எலிசபெத் கானிங் என்ற பணிப்பெண் தொடர்பாக உண்மையில் நடந்த வழக்கே இதற்கு அடிப்படை. ஊர் ஒருவரைக் குற்றவாளி என்று எப்படி முடிவு கட்டுகிறது என்பதே அம்மையாரின் மனத்தை அரித்த கேள்வி என்று இதிலிருந்து தெரிகிறது.

படுக்கையில் கிடந்து துப்பறிதல்

'காலத்தின் மகள்' நாவலில் துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை. ஆலன் கிராண்ட் கால் முறிந்து மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கிறார். பொழுது போகவில்லை. நடிகையான தோழி ஒருத்தி பழங்கால மனிதர்களின் உருவப் படங்களைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவற்றுள் ஒரு முகம் அவரை ஈர்க்கிறது. நீதிபதியின் முகம் போலத் தோன்றும் அது, இங்கிலாந்து வரலாற்றின் மாபெரும் கொடியவனாகச் சொல்லப்படும் மூன்றாம் ரிச்சர்டின் முகம்!

கதை தெரியாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1483இல் நான்காம் எட்வர்ட் மன்னன் இறந்தான். பட்டத்துக்குரிய மகனுக்கு வயது 12. அவன் தம்பிக்கு 9. சிறுவர் இருவரும் லண்டன் கோபுரக் கோட்டையில் வைக்கப்பட்டனர். அவர்களின் தந்தை செய்துகொண்ட திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு, சிற்றப்பன் ரிச்சர்ட் முடி சூடினான். அதன்பின் அச்சிறுவர்களை வெளியே எவரும் கண்டதாகத் தெளிவான செய்தி இல்லை. 1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வொர்த் போர்க்களத்தில் ரிச்சர்ட் மாண்டான். வென்ற ஹென்றி டியூடர் ஏழாம் ஹென்றியாக அரசேற்றான். அவன் வமிசம் ஆண்ட காலத்தில் தாமஸ் மோர் எழுதிய வரலாறும், ஷேக்ஸ்பியர் எழுதிய நாடகமும் ரிச்சர்டைக் கூனனாகவும் சிறுவரைக் கொன்ற பாதகனாகவும் நிலைநிறுத்தின.

கிராண்ட் ஒரு போலீஸ்காரர் கேட்கும் கேள்விகளையே கேட்கிறார். சொன்னவர் யார்? நேரில் கண்டாரா? எப்போது சொன்னார்? சொன்னதால் யாருக்கு ஆதாயம்? தாமஸ் மோர் பிறந்தது 1478இல். ரிச்சர்ட் இறந்தபோது அவர் ஏழு வயதுப் பிள்ளை. அவர் வளர்ந்தது ரிச்சர்டின் பகைவரான ஜான் மார்ட்டனின் இல்லத்தில். சாட்சி என்று நாம் நம்பியவர் சாட்சியே அல்லர் என்று தெரிந்தவுடன் வாசகருக்கு மயிர்க்கூச்செறிகிறது. இறுதியில் கிராண்ட் ரிச்சர்டை விடுவித்து, பழியை ஏழாம் ஹென்றியின் மேல் சுமத்துகிறார்.

வாசகர் எழுப்பிய அலை

இந்த வாதங்கள் பெரும்பாலும் புதியவை அல்ல. 1906இலேயே கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவர் ரிச்சர்டுக்காக வாதாடி ஒரு நூல் எழுதியிருந்தார். 1924இல் ரிச்சர்டின் நற்பெயரை மீட்க இங்கிலாந்தில் ஒரு கழகமும் தோன்றியிருந்தது. ஆனால் வரலாற்று நூல் எட்டாத இடத்தை நாவல் எட்டியது. பள்ளியில் படித்ததை அப்படியே நம்பியிருந்த எளிய வாசகர்கள், தாம் ஏமாற்றப்பட்டோமோ என்று நூலகங்களில் பழைய ஆவணங்களைத் தேடத் தொடங்கினார்கள். அந்தக் கழகம் 1959இல் மூன்றாம் ரிச்சர்ட் சங்கம் எனப் பெயர் மாற்றிக்கொண்டு வளர்ந்தது. அதில் சேர்ந்தவர்களில் பலர் இந்த நாவலே தம்மை அழைத்துவந்தது என்று கூறியிருக்கிறார்கள். 1990இல் பிரிட்டனின் குற்றப் புனைவு எழுத்தாளர் சங்கம் தேர்ந்தெடுத்த நூறு நாவல்களில் இதற்கே முதலிடம் கிடைத்தது.

எல்லாரும் மெச்சவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வரலாற்று ஆசிரியர்கள் பலர் முகம் சுளித்தனர். சிறுவர்கள் கொல்லப்பட்டார்கள் என்ற ஐயம் டியூடர்கள் புனைந்தது மட்டுமன்று. 1483இல் லண்டனில் இருந்த மான்சினி என்ற இத்தாலியர் அவ்வாண்டு இறுதியிலேயே அந்த அச்சத்தை எழுதிவைத்திருக்கிறார். கிராண்ட் மயங்கிய அந்த ஓவியமும் ரிச்சர்ட் இறந்து நூறாண்டுக்குப் பின் தீட்டப்பட்ட படியே. முகத்தைப் பார்த்துக் குணம் சொல்வது சோதிடமாகலாம்; அறிவியல் ஆகாது. ரிச்சர்டின் பழியைத் துடைத்த கையோடு, அதே அளவு மெலிந்த சான்றை வைத்து மற்றொருவர் தலையில் அதை ஏற்றியது நியாயமா என்ற கேள்வியும் எழுந்தது.

வேல்ஸ் நாட்டு வாசகருக்கு வேறொரு மனக்குறை. 1910இல் டோனிபாண்டி என்ற நிலக்கரி ஊரில் தொழிலாளர் போராட்டம் நடந்தது. படை மக்களைச் சுட்டதாக வழங்கும் கதை பொய் என்று சொல்ல வந்த அம்மையார், அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்னும்படி எழுதிவிட்டார். ஊர் நம்பும் பொய்க்கெல்லாம் அந்த ஊரின் பெயரையே சூட்டிவிட்டார். டோனிபாண்டியில் துப்பாக்கிச் சூடு நடக்கவில்லை என்பது சரியே. ஆனால் படை அனுப்பப்பட்டது, நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர், ஒரு தொழிலாளி தலையில் அடிபட்டு இறந்தார். ஒரு மன்னனுக்காக நியாயம் கேட்ட நூல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் சாவை மறந்தது எனக்கும் வருத்தமே.

மறைவு

அம்மையார் பத்திரிகையாளரைத் தவிர்த்தார். புகழ் தேடி அலையவில்லை. நோயுற்றதையும் நண்பர் பலருக்குத் தெரிவிக்கவில்லை. 'காலத்தின் மகள்' வெளிவந்த அடுத்த ஆண்டு, 1952 பிப்ரவரி 13 அன்று, லண்டனில் புற்றுநோயால் காலமானார். வயது 55. தம் நூல் எழுப்பிய அலையின் தொடக்கத்தை மட்டுமே அவர் கண்டார். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் படி 'பாடும் மணல்' என்ற பெயரில் அவ்வாண்டே நூலாயிற்று. தம் சொத்தை இங்கிலாந்தின் பழம்பெரும் இடங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளைக்கு எழுதிவைத்திருந்தார்.

எலும்பு சொன்ன சாட்சி

விலங்கியல் மாணவியாகிய எனக்கு இனி வருவதே விருந்து. ரிச்சர்ட் புதைக்கப்பட்ட மடம் இடிந்து, இடம் மறந்து போயிருந்தது. மூன்றாம் ரிச்சர்ட் சங்கத்தைச் சேர்ந்த பிலிப்பா லாங்லி அம்மையாரின் விடாமுயற்சியால், 2012 ஆகஸ்டில் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டினார்கள். ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. அது ரிச்சர்டே என்று 2013 பிப்ரவரி 4 அன்று லெஸ்டர் பல்கலைக்கழகம் அறிவித்தது.

எப்படி அறிந்தார்கள்? நம் உயிரணுக்களில் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு உண்டு. அதிலுள்ள டி.என்.ஏ. தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருகிறது. ரிச்சர்டுக்கும் அவன் தமக்கை ஆனுக்கும் ஒரே தாய். அந்தத் தமக்கையின் மகள், மகளின் மகள் எனப் பெண் வழியாகவே இறங்கி இன்றுள்ள வாரிசுகளை அடைந்தார்கள். இரண்டும் பொருந்தின. ஐந்து நூற்றாண்டுச் செய்தியைப் பெண் மக்களே சுமந்து வந்திருக்கிறார்கள்!

அந்த எலும்புகள் இரு கட்சியையும் தலைகுனிய வைத்தன. ரிச்சர்டின் கை சூம்பியிருந்தது என்றது பொய், கூனும் இல்லை. ஆனால் முதுகெலும்பு பக்கவாட்டில் நன்றாக வளைந்திருந்தது. ஒரு தோள் உயர்ந்தே இருந்திருக்கும். உடற்குறை என்பதே பகைவர் கட்டிய கதை என்று சாதித்த ஆதரவாளர்களும் ஓரளவு தோற்றார்கள். 2015 மார்ச் 26 அன்று லெஸ்டர் பேராலயத்தில் அந்த மன்னனை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். சிறுவரைக் கொன்றவர் யார் என்பதை மட்டும் எந்த எலும்பும் சொல்லவில்லை.

என் வீட்டு வழக்கு

நூலை முடித்ததும் நானும் ஆலன் கிராண்ட் ஆனேன். அப்பத்தாவிடம் கேட்டேன், நடந்ததைப் பேசாதே என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஊரில் மூத்தவர்கள் மூவரைத் தேடிப் போனேன். ஒருவர் ஒன்பது மூட்டை என்றார். ஒருவர் பதினொன்று என்றார். மற்றொருவர் இருபதுக்குக் குறையாது என்றார். தாத்தா மூட்டை தூக்கியதை நேரில் கண்டீர்களா என்று கேட்டேன். மூவரும் இல்லை என்றார்கள். மூவருக்கும் வேறு யாரோ சொன்னதுதான். ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த இடத்தில் இன்று திருமண மண்டபம் நிற்கிறது. கணக்கு நோட்டுகள் போன இடம் தெரியவில்லை.

அவர்களில் ஒருவர் பேச்சுவாக்கில், ஆலைக்காரரின் உறவுக்காரப் பிள்ளை ஒருவர் அதே ஆண்டில் ஊரைவிட்டுப் போனதாகச் சொன்னார். எனக்கு அது போதுமாயிருந்தது. இதோ என் ஏழாம் ஹென்றி அகப்பட்டான் என்று குதித்தேன். அன்றிரவே எட்டுப் பக்கம் எழுதினேன். மறுநாள் அதைப் பேராசிரியை அவர்களிடம் பெருமையோடு நீட்டினேன். பொறுமையாக முழுவதும் படித்தார்கள். பிறகு, அந்தப் பிள்ளை மூட்டை எடுத்ததைக் கண்டவர் யார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

நான் வாயடைத்து நின்றேன். என் தாத்தாவுக்கு ஊர் செய்ததையே நான் இன்னொருவருக்குச் செய்திருந்தேன். அவருக்கும் எங்கோ ஒரு பேத்தி இருக்கக்கூடும். அவளும் ஒரு கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கக்கூடும். ஜோசபின் டே அம்மையார் இடறிய அதே இடத்தில் நானும் இடறினேன். தாத்தா நல்லவராக இருக்கவேண்டும் என்ற என் ஆசையையே நான் சான்றாக எண்ணிவிட்டேன்.

எட்டுப் பக்கத்தையும் கிழித்தேன். ஒரு பக்கம் மட்டும் புதிதாக எழுதினேன். மூட்டைகள் காணாமற் போனதாகச் சொல்லப்படுகிறது, எத்தனை என்பதில் ஒற்றுமை இல்லை, எடுத்ததைக் கண்டவர் என்று எவரும் கிடைக்கவில்லை, விசாரணை நடக்கவில்லை, தாத்தா குற்றவாளி என்று சொல்லச் சான்று இல்லை, வேறு எவரையும் சொல்லவும் சான்று இல்லை. இவ்வளவுதான் அந்தப் பக்கத்தில் இருந்தது. அன்று மாலை சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். அப்பா நான்காம் வகுப்பு வரை படித்தவர். கையிலிருந்த டியூபைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு முறை படி என்றார். படித்தேன். கண்டவர் எவரும் இல்லை என்ற வரியில் தலையை மெல்ல அசைத்தார். பிறகு தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தெருவில் பெயர் இன்னும் மாறவில்லை. ஆனால் அந்தப் பெயர் காதில் விழும்போது அப்பா இப்போது தலை குனிவதில்லை.

நண்பர்களே! நாம் நாளை ஆசிரியராகலாம், அலுவலராகலாம், ஆய்வாளராகலாம். ஒருவரைப் பற்றி நம் கையால் ஒரு வரி எழுதும் அதிகாரம் நமக்கு வரும். அந்த வரியை எழுதுமுன், சொன்னவர் யார், கண்டாரா, எப்போது சொன்னார், ஆதாயம் யாருக்கு என்ற நான்கு கேள்விகளைக் கேட்போம். நமக்குப் பிடித்த விடை வரும்போது இன்னும் ஒருமுறை கூடுதலாகக் கேட்போம். முதற்பாடத்தை அம்மையாரின் நூல் கற்பிக்கிறது. இரண்டாம் பாடத்தை அந்த நூலின் குறை கற்பிக்கிறது. இரண்டுக்காகவும் அந்த டிரில் டீச்சருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். நூல் இன்றும் நம் நூலகத்தின் கடைசி அலமாரியில்தான் இருக்கிறது. நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம்.